ஒன்பதாயிரம் ரூபாய் மூக்கு

மழை பொய்த்த மூன்றாவது வருடம்
ஜீப்புக்கு மூக்கு வைத்தேன்.

இன்ஜின் பக்கவாட்டில் கிளம்பி
முன்கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டி ஏறி
கூரை மட்டத்தில் வாய் திறக்கும் கறுப்புக் குழாய்.
இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாலும்
மேல்காற்றை இழுத்துக்கொள்ளும்.
"இடுப்பளவுத் தண்ணி எங்க மேடம் இருக்கு?"
என்றார் பர்மா காலனி லேத்துப் பட்டறை சேவுகன்,
மட்கார்டில் பென்சிலால் வட்டம் போட்டபடி.
துளை விழுந்தால் விழுந்ததுதான்.
பச்சைப் பெயின்ட்டோடு சுருள் சுருளாக
இரும்பு உதிர்ந்தது.

வாங்கும்போது அது
கோட்டையூர்ச் சூளையில் தண்ணீர் டேங்கர் இழுத்த வண்டி.
நாலு சக்கரத்துக்கும் இழுவை தரும் சின்னக் கம்பி
துருவேறி நடுவிலேயே நின்றிருந்தது,
ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத சாட்சி போல.
டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டோம்.
மூன்றாம் நாள் உமையாள் ஒரு உதை விட்டாள்.
விழுந்தது.
(உமையாளுக்கு மருந்துக்கடை. அவளுடையது ஜிப்சி.)

நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கெழுதுகிறவள்.
வண்டிக்கும் ஒரு நோட்டு உண்டு.
பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதல், தேவகோட்டையில்:
இரண்டாயிரத்து நானூறு.
மட் டெரைன் டயர் நான்கு:
தொகையை வீட்டில் சொல்லவில்லை.
பஞ்சர். பஞ்சர். பஞ்சர்.
வரவுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி:
சேற்றில் புதைந்த புதுவயல் நெல் லாரியை
இழுத்துவிட்டதற்கு அரை மூட்டைக் குருணை.

பஞ்சர் எல்லாம் கண்மாய் தந்தது.
ஞாயிறானால் அங்கேதான் ஓட்டம்.
நீர் நிற்க வேண்டிய இடத்தில்
சீமைக்கருவேலம் நின்றது.
செம்புராங்கல் விளிம்பை மென்று துப்பும் டயருக்குள்
விரற்கடை முள் ஒன்று
ஊசி போடத் தெரிந்த கை போல
நோகாமல் இறங்கும்.

ஐப்பசிக் கடைசியில் நாலு நாள் விடாமல் ஊற்றியது.
ஐந்தாம் நாள் காலை சேவுகனே போன் செய்தார்:
"மேடம், உங்க இடுப்பளவு வந்திருச்சு."

இறங்கினேன்.
லோ கியர், முதல் பல், அசையாத கால்.
கதவிடுக்கில் நுழைந்த தண்ணீர்
செருப்பை மிதக்கவிட்டது.
கரையில் உமையாள் கத்தியது கேட்கவில்லை;
காதருகே குழாய் காற்றை உறிஞ்சும் சத்தம் மட்டும்.
ஒன்பதாயிரம் ரூபாய்ச் சத்தம்.
மறுகரை ஏறி, வண்டியைக் கட்டிப்பிடித்தேன்.
ஆமாம், பானெட் சுட்டது.

அடுத்த வாரம் பின் அச்சில் ஊளை.
சேவுகன் அடியில் படுத்து டிரெய்ன் நட்டைத் திருகினார்.
தேனாய் வர வேண்டியது
பால் விட்ட டீயாய் வந்தது.
ஒரு குவளை. இரண்டு. நிற்கவில்லை.

ஓடிச் சூடான அச்சு
குளிர்ந்த நீரில் இறங்கியதும்
உள்ளிருந்த காற்று சுருங்கியிருக்கிறது.
மேலே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மூடி,
மூடியில் ஒரு துளை,
துளை வழியே கண்மாயை இழுத்துக் குடித்திருக்கிறது.
இத்தனை வருடமும்
அதுவும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
நோட்டில் அதற்கு ஒரு வரி இல்லை.

ஒரு மீட்டர் டீசல் ஹோஸ், அறுபது ரூபாய்.
கிளிப் இரண்டு.
அச்சிலிருந்து சேஸிஸ் ஓரமாகக் கூட்டிவந்து
பின்விளக்குக்கு மேலே கட்டினோம்.
உமையாளின் ஜிப்சிக்கும்,
அவளைக் கேட்காமலே.

இப்போது பங்குனி.
கண்மாய் நடுவில் ஒரு குட்டை மிச்சம்,
சுற்றிலும் பாளம் பாளமாய் வெடிப்பு.
நேற்று பின்சக்கரத்து உள்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தது.
ஆயில் சீலை மாற்று என்றாள் உமையாள்.
சீல் பாவம் என்ன செய்யும், என்றார் சேவுகன்,
உள்ளே சூடேறிய காற்று
போக வழியில்லாமல் எண்ணெயைத் தள்ளுது.
ஹோஸின் நுனியைத் திருப்பிக் காட்டினார்.

ஒரு குளவி
கண்மாய்ச் சேற்றை வாய் வாயாகக் கொண்டுவந்து
மழமழவென்று பூசி அடைத்திருந்தது.
பென்சில் எதுவும் இல்லாமல்
அத்தனை சரியான வட்டம்.